சான்றிதழில் இல்லாத கட்டம்

கோயில் ஆபீசில் ஞானஸ்நானப் புத்தகம் இரண்டு வகை இருந்தது. ஒன்று இங்கிலீஷ் புத்தகம், இன்னொன்று தமிழ்ப் புத்தகம். இங்கிலீஷ் புத்தகங்கள் தோல் அட்டை போட்டு, கண்ணாடி பீரோவுக்குள் பூச்சி உருண்டை வாசனையோடு நிமிர்ந்து நிற்கும். தமிழ்ப் புத்தகங்கள் மர அலமாரியின் கீழ்த்தட்டில், காலி மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடக்கும். ஆண்டவர் முன்னால் எல்லாரும் ஒன்று என்று ஞாயிறு தவறாமல் பிரசங்கம் நடக்கும் கட்டடத்தின் பக்கச் சுவரில்தான் இந்த ஆபீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

பல்லாவரம் பக்கத்துக் கோயில் அது. பெயர் வேண்டாம். இப்போது அங்கே இருப்பவர்களுக்கும் நான் சொல்லப்போவதற்கும் சம்பந்தமில்லை. செய்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. டைப் அடிப்பது, சான்றிதழ் எழுதுவது, சாமியார் வெளியே போயிருந்தால் எங்கே போனார் என்று தெரியாது என்று சொல்வது, இதுதான் என் வேலை. சிட்லபாக்கத்து வீட்டிலிருந்து காலையில் சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயிலில் வந்து இறங்குவேன்.

இரண்டு புத்தகத்துக்கும் கட்டங்களில் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கிலீஷ் புத்தகத்தில் தேதி, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானப் பெற்றோர், ஞானஸ்நானம் கொடுத்த சாமியார், அவ்வளவுதான். தமிழ்ப் புத்தகத்தில் இவற்றோடு ஊர் என்று ஒரு கட்டம், சாதி என்று ஒரு கட்டம். ஆனால் நாங்கள் எழுதிக் கொடுக்கும் சான்றிதழ்ப் பாரம் ஒன்றே ஒன்று. அது இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து அச்சடித்தது. அதில் ஊரும் கிடையாது, சாதியும் கிடையாது. தமிழ்ப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினாலும் மற்றதை மட்டும்தான் எழுதவேண்டும். நான் செய்ததற்கு எந்தச் சாக்கும் கிடையாது என்பதற்கு இந்தப் பாரம் ஒன்றே சாட்சி.

எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்துக்குப் போகும் என்று எழுதி வைத்த சட்டம் எதுவுமில்லை. தாய் கோயிலில் எந்தப் பக்கம் உட்காருகிறாளோ அந்தப் புத்தகம். அந்தப் புத்தகங்களை எழுதிய அந்தக் காலத்து உபதேசியார்களுக்கு அது பார்த்தவுடன் தெரியும். தகப்பன் வெள்ளைக்காரனாகவே இருந்தாலும், தாய் செருப்பில்லாமல் தலையில் முந்தானை போட்டுக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றால் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தில்தான் ஏறும். இது எனக்கே அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

அந்த அம்மாள் முதல் முறை ஆபீசுக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஆடி மாதம். தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் இருந்தார். ஆங்கிலோ இந்தியர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் ரயில் கார்டாக இருந்து இறந்துபோய்விட்டார். பூப்போட்ட கவுன், கறுப்புக் குடை, அக்குளில் ஒரு கைப்பை. இங்கிலீஷ் பேசினால் ரயில் ஓடுகிற வேகத்தில் ஓடும். தமிழ் பேசினால் அசல் தாம்பரம் மார்க்கெட். வீட்டு வேலைக்காரர்களிடமும் காய்கறிக்காரியிடமும் கற்ற தமிழ் என்பதால் அதில் ‘நீங்கள்’ என்ற சொல்லே கிடையாது.

“இன்னா மேன், ஃபாதர் கீறாரா?” என்றார்.

“இல்லை மேடம். என்ன வேணும்?”

“எங்க டாடியோட பேப்டிசம் சர்ட்டிபிகேட் வேணும். தேடிக் குடு.”

எனக்கு அவரை முன்பே தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது. எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒரு ஈஸ்டர் அன்று நானும் அம்மாவும் கோயிலுக்குத் தாமதமாக வந்தோம். பின்னால் இடமில்லை. அம்மா தயங்கித் தயங்கி முன்னால் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த அம்மாள் விசிறியால் அம்மாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, “பின்னாடி போ, இது எங்க பெஞ்சு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பேருந்தில் நடத்துனர் சொல்வது மாதிரிச் சொன்னார். அம்மா எழுந்து, பூசை முடியும் வரை வாசல் தூண் பக்கம் நின்றாள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசவில்லை என்றாலும் மறக்கவில்லை.

அவர் என்ன வேலையாக வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே மகள் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அவளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. இவர் அங்கே போய்ச் சேர வேண்டும். தாத்தாவோ பாட்டியோ அந்த நாட்டில் பிறந்தவர் என்று காட்டினால் போய்த் தங்கலாம் என்பது அப்போதைய சட்டம். அதுவும் அந்த டிசம்பரோடு சரி. புது வருஷம் பிறந்தால் தாத்தா செல்லமாட்டார், பெற்றவர்களில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று மாற்றப்போகிறார்கள். தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை எங்கும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் அந்த வருஷம் அதே பேச்சு. டிரங்குப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுத் தாத்தாக்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இவருடைய தாத்தா பிறந்தது லிவர்பூலில். அதை மகளே கண்டுபிடித்துவிட்டாள். விடுமுறை நாளில் ரயிலேறிப் போய், கப்பல் துறைக்குப் பக்கத்துக் கோயில் ஒன்றில் பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவை நகல் எடுத்து அனுப்பியிருந்தாள். அங்கே அவளுக்கு ஆன நேரம் ஒரு மத்தியானம். எங்கள் ஆபீசில் ஆனது நான்கு மாதம்.

அந்த நான்கு மாதமும் அவர் பத்து நாளைக்கு ஒரு தடவை வருவார். நான் தேடிக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து மகளின் கடிதங்களை எடுத்துப் படிப்பார். இங்கிலீஷில் படித்து, நடுநடுவே எனக்காகத் தமிழில் விளக்குவார். தாத்தாவின் பெற்றோர் அயர்லாந்தில் கார்க் பக்கம். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது அவர்கள் சிறு பிள்ளைகளாக, மாடு ஏற்றுகிற கப்பலில் நின்றுகொண்டே இங்கிலாந்துக்கு வந்தவர்களாம். ஒரே நிலவறையில் நான்கு குடும்பம் வளர்ந்ததாம். மூட்டை தூக்கிப் பிழைத்தார்களாம். “ஐரிஷ்காரனுக்கு இங்க்லீஷ்காரன் வூடு குடுக்க மாட்டான் மேன். நாய்க்குக் குடுப்பான், அவனுக்குக் குடுக்க மாட்டான்” என்று சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கும். கோயிலில்கூடத் தனியாக உட்காரச் சொன்னார்களாம். நான் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவேன். மூன்றாவது பெஞ்சு என் ஞாபகத்துக்கு வரும். அவருக்கு வரவில்லை.

அந்தத் தாத்தா ரயில்வே பிட்டராக இங்கே வந்தவர். இங்கே ஒரு ஐரிஷ் பெண்ணைக் கட்டினாராம். கால்வே ஊர்ப் பெண், செம்பட்டை முடி, முதல் பிரசவத்திலேயே போய்விட்டாளாம். அந்தப் பிள்ளைதான் இவருடைய அப்பா. இவருக்கு இது அப்பா சொன்ன கதை. அப்பாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. தாத்தாவின் மீசை வைத்த போட்டோ ஒன்றையும், உடைந்த மண் பைப் ஒன்றையும் பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். பாட்டியின் படம் இல்லை. செம்பட்டை முடி என்பது மட்டும் இருந்தது.

லிவர்பூல் பதிவு கையில் இருக்கிறது, இவருடைய சொந்தச் சான்றிதழ் இருக்கிறது. நடுவில் அப்பா இன்னாருடைய பிள்ளை என்று காட்டுகிற ஒரு காகிதம்தான் இல்லை. அந்த ஒரு கண்ணி கிடைத்தால் மகளிடம் போகலாம். கிடைக்காவிட்டால் தாம்பரத்திலேயே இருக்கவேண்டியதுதான். இங்கிலீஷ் புத்தகங்களை நான் இரண்டு முறை முழுவதும் பார்த்துவிட்டேன். இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஆபீஸ் கூரை ஒழுகி, அலமாரியின் கீழ்த்தட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. தமிழ்ப் புத்தகங்களை எடுத்து மின்விசிறிக்கடியில் விரித்துக் காயவைத்தோம். சாயந்தரம் அவற்றைத் திரும்ப அடுக்கும்போது, அவருடைய அப்பா பிறந்த வருஷத்துப் புத்தகம் கையில் வந்ததால் சும்மா புரட்டினேன். பதினைந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

உபதேசியாரின் சாய்வெழுத்துத் தமிழில் எல்லாம் இருந்தது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர். தகப்பனுக்கு நேரே ‘லிவர்ப்பூல் பிறப்பு, ஐரிசு வம்சம், ரயில்வே பிட்டர், முறைப்படி விவாகம்’ என்ற குறிப்பு. தாய்க்கு ஞானஸ்நானத்தில் வைத்த ஒரு வேதப்பெயர். ஊர்க் கட்டத்தில் பீர்க்கன்கரணை, ஏரிக்கரைத் தெரு. சாதிக் கட்டத்தில் ஒரு சொல். அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை வாயால் சொன்னதே போதும்.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெரு என் அம்மா பிறந்த தெரு. அந்தக் கட்டத்தில் இருந்த சொல் எங்கள் சொல்தான். அப்பாவுக்கு வாத்தியார் வேலை கிடைத்ததும் குடும்பத்தைச் சிட்லபாக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் ரிட்டயரான பெரிய ஆபீசர்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் அப்பா ‘திருநெல்வேலிப் பக்கம்’ என்பார். திருநெல்வேலியை அவர் ரயில் கால அட்டவணையில் மட்டும்தான் பார்த்திருந்தார். அவர் இறந்த பிறகும் நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீசிலும் அப்படித்தான். அந்த அம்மாளுக்கு ஒரு கால்வே, எங்களுக்கு ஒரு திருநெல்வேலி.

அன்று சாயந்தரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை. நான்கு மாதமாகத் தேடியது கிடைத்துவிட்டதே, இவர் மகளிடம் போகலாமே என்ற நினைப்பு கடைசியில்தான் வந்தது. முதலில் வந்தது அந்த ஈஸ்டர் நாளின் விசிறி. மாட்டினாயா என்றுதான் தோன்றியது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், மறுநாள் காலையில் நான் அதைப் படித்துக் காட்டுவதாக இல்லை. பாரத்தை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் அன்றைக்குத் தனியாக வரவில்லை. தாம்பரத்துச் சிநேகிதிகள் இரண்டு பேர் கிறிஸ்துமஸ் பஜார் வேலையாகக் கூட வந்திருந்தார்கள். மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளை ஜன்னலருகே திரி வெட்டிக்கொண்டிருந்தார்.

“கெடச்சிடுச்சு மேடம். தமிழ்ப் புத்தகத்துல இருந்துது” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சிநேகிதிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “தமிழ் புக்லயா? அது உங்க ஆளுங்க புக் மேன். எங்க டாடி அதுல எப்படி வருவார்? ஒழுங்கா பாரு. தூங்கிக்கினே வேலை செஞ்சா இப்படித்தான்” என்றார்.

ஒரு சிநேகிதியும் சிரித்தாள்.  அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து மேஜையில் போட்டு விரித்தேன். பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில், ஒவ்வொரு கட்டமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். தேதி படித்தேன். பெயர்களைப் படித்தேன். லிவர்பூல், ஐரிஷ், பிட்டர் என்று படித்தபோது அவர் முகம் மாறி நாற்காலியின் நுனிக்கு வந்தார். கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான், பாரத்தில் எழுதவேண்டியதும் அவ்வளவுதான்.

நான் ஊரைப் படித்தேன். தெருவைப் படித்தேன். பிறகு சாதியைப் படித்தேன். என் சொந்த அம்மாவின் தெருவையும் சாதியையும், எனக்குச் சம்பந்தமே இல்லாதவன் மாதிரி, அந்த அம்மாளுடையது மட்டும்தான் இது என்று காட்டுகிற மாதிரி, சத்தமாகப் படித்தேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

கோயில்பிள்ளை திரி வெட்டுவதை நிறுத்தினார். சிநேகிதிகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் அப்படியே பையில் வைத்து மூடினார்.

“ராங் புக் மேன். அது வேற யாரோ” என்றார்.

அவர் இங்கிலீஷ் அன்றைக்கு ஓடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். குடையை விரிக்கவில்லை என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அன்று மத்தியானமே சான்றிதழை எழுதி, சாமியாரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்டுவிட்டேன். நான்கு வரி. தாயின் இடத்தில் அந்த வேதப்பெயர் மட்டும். அதைப் பார்த்தால் கால்வே பெண் என்றே நினைக்கலாம், யாரும் மறுக்கமுடியாது. கவரில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்தேன். தாம்பரத்துக்கு ரயிலில் கால் மணி நேரம். சானடோரியத்தில் இறங்குகிறவன் இன்னும் ஒரு ஸ்டேஷன் போகவேண்டும். நான் போகவில்லை. அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்டுத்தானே ஆகவேண்டும், மகளிடம் போகவேண்டுமே என்று கணக்குப் போட்டேன். அவர் வரவில்லை. ஞாயிறு பூசைக்கும் இந்தக் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கார்த்திகை போயிற்று, மார்கழி பிறந்தது. தினமும் அந்த இழுப்பறையைத் திறந்துதான் பென்சில் எடுத்தேன்.

அம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால் விஷயம் தெரிந்தது. கோயில்பிள்ளையின் மனைவி சொல்லியிருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அந்த ரயில்வேக்காரம்மாவை ஆபீஸ்ல வெச்சு என்னமோ சொன்னியாமே.”

நான் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றே நினைத்தேன். ஈஸ்டரையும் விசிறியையும்கூட நினைவுபடுத்தினேன்.

“அவங்க பாட்டி எந்த ஊருன்னு போட்டிருந்துது?”

“பீர்க்கன்கரணை.”

“பீர்க்கன்கரணைல எங்க?”

நான் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குனிந்து மற்றதையும் கழற்றினேன்.

“ஏரிக்கரையா?”

“ஆமா.”

அம்மா கல் பொறுக்குவதை நிறுத்தினாள். “வெள்ளைக்காரனைக் கட்டிக்கினு போன பொம்பளை ஒண்ணு எங்க தெருவுல இருந்துதுன்னு எங்கம்மா சொல்லுவா. ரெண்டு வூடு தள்ளி.” முறத்தைக் கீழே வைத்தாள். “அப்ப நம்ம பேரைச் சொல்லித்தான் அவளை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வெச்சியா? நம்ம பேரு அவ்ளோ கேவலமா உனக்கு?”

  அம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து அரிசியைக் களைந்து உலை வைத்தாள். அதன்பிறகு பல நாள் என்னிடம் சாப்பிட வா என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

டிசம்பர் முடிய அப்போதும் பதினைந்து நாள் இருந்தது. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அவர் ஓடியாடி விண்ணப்பம் போட்டிருக்க முடியும். கிறிஸ்துமஸ் வேலை தலைக்குமேல் இருக்கிறது, முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடில் கட்டினேன், பாட்டுத் தாள் அடித்தேன், நட்சத்திரத்துக்கு பல்பு மாட்டினேன். உண்மை என்னவென்றால் அவர் முகத்தைப் பார்க்கப் பயம். மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்குமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு நான் வேலை என்று பெயர் வைத்தேன்.

ஜனவரி முதல் வாரத்தில்தான் போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் விசாரித்துக்கொண்டு போனேன். சின்ன முற்றம், கறிவேப்பிலை மரம், கொடியில் இரண்டு கவுன். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். “உள்ள வா மேன்” என்றார். இளைத்திருந்தார். மேஜைமேல் பேரப்பிள்ளையின் போட்டோ நின்றது. வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை, பக்கத்தில் மகள்.

கவரைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ஒருமுறை படித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

“அது எங்க?” என்றார்.

“எது மேடம்?”

“அன்னிக்கிப் படிச்சியே. கடைசி லைன்.”

“இந்தப் பாரத்துல அந்தக் கட்டமே கெடையாது மேடம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. அந்தச் சொல் காகிதத்தில் ஏறித் தூதரக மேஜைக்குப் போகும், மகளின் மாமியார் வீட்டுக்குப் போகும், கப்பலேறித் தன்னோடு வரும் என்று நினைத்துத்தான் அந்த நாட்களில் அவர் வராமல் இருந்திருக்கிறார். மகளுக்கு, பதிவு கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டாராம்.

“அப்ப இன்னாத்துக்கு மேன் படிச்சே?” என்றார்.

கோபமில்லாமல் கேட்டார். விவரம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். எனக்குக் காரணம் தெரியும். ஈஸ்டரைச் சொல்லியிருக்கலாம். அதையாவது சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் கணக்கு நேராகியிருக்கும். அல்லது, அது எங்கள் தெருவும்தான் மேடம், எங்கள் அம்மா அந்தத் தெருவில் பிறந்தவள்தான் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் ஆபீசில் தெரியும், சிட்லபாக்கத்தில் தெரியும், திருநெல்வேலி போய்விடும். அவருடையதை நாலு பேர் முன்னால் படித்த நான், நாலு சுவருக்குள் ஒருவரிடம் சொல்லப் பயந்தேன்.

“தெரியலை மேடம்” என்றேன்.

அவர் தலையாட்டினார். டீ போட்டுக் கொடுத்தார், கிறிஸ்துமஸுக்குச் செய்த கல்கல் பலகாரம் ஒரு தட்டில் வைத்தார். சாப்பிட்டேன். சான்றிதழை மடித்து மண் பைப் இருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடியை அழுத்தினார். அது இனி எதற்கும் உதவாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே கேட்டாள், “குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“எங்க தெருன்னு சொன்னியா?”

“சொன்னேம்மா.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. கேட்டுக்கிட்டாங்க.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. அன்று ராத்திரி வஞ்சிரம் வறுத்து, எனக்குப் பெரிய துண்டை வைத்தாள். நான் அதையும் சாப்பிட்டேன்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் மறுபடி எங்கள் கோயிலுக்கு வந்தார். பூசை முடிந்து வாசலில் குடையை விரித்துக்கொண்டு நின்றார். அம்மா என் பக்கத்திலிருந்து விலகி நேராக அவரிடம் போனாள். எங்கள் அம்மா வெளியாட்களிடம் தானாகப் போய்ப் பேசுகிறவள் இல்லை. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரப் பெண்ணிடம் கேட்கிற மாதிரி, “நல்லா இருக்கியாம்மா? பொண்ணுகிட்டேருந்து லெட்டர் வருதா?” என்று கேட்டாள்.

அவருக்கு எதுவும் புரியவில்லை. யாரோ ஒரு தமிழ்ப் பொம்பளை கையைப் பிடித்து ‘நீ’ என்று கேட்கிறாள். சிநேகிதிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை உருவிக்கொண்டு, “யாரு நீ?” என்றார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

நான் ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். சைக்கிள் பூட்டைத் திறக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். எனக்குச் சைக்கிளே கிடையாது, அது யாருடையதோ.

அம்மா திரும்பி வந்தாள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சானடோரியம் வரும்போது மெதுவாகச் சொன்னாள், “தெரிஞ்சும் கையை எடுத்துக்கிட்டா பாரு.”

“விடும்மா” என்றேன்.

அம்மா இறக்கும் வரை அப்படித்தான் நம்பினாள்.